நூலக மண்டபத்தை யாரிடம் கேட்பது?

கூட்டம் நடத்த இடம் கேட்டு நூலகரிடம் போய், "எனக்கு அதிகாரமில்லை" என்ற பதிலோடு முகம் சிவந்து திரும்புவோர் மட்டக்களப்பிலும் உண்டு, அம்பாறையிலும் உண்டு. நூலகர் சொல்வது உண்மைதான். பொது நூலகம் உள்ளூராட்சி மன்றத்தின் சொத்து. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழிகாட்டும், பயிற்சி தரும். ஆனால் மண்டபத்தின் சாவி அதனிடம் இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் 12 மன்றங்களும் அம்பாறையில் 20 மன்றங்களும் இருக்கின்றன. உங்கள் ஊர் எதற்குள் வருகிறது என்பதே முதலில் தெரிய வேண்டியது.

பத்திரிகை வாசிக்கவும், உசாத்துணைப் பகுதியில் அமர்ந்து குறிப்பெடுக்கவும் பொதுவாக அங்கத்துவம் தேவையில்லை. பெரியகல்லாற்று மாணவி ஒருத்தி எல்லை தாண்டிக் கல்முனையில் போய் இருந்து படிக்கலாம். இரவல் வாங்குவதென்றால்தான் பேச்சு வேறு. அதற்கு அந்த மன்றப் பகுதியில் வசிப்பதை உறுதிப்படுத்தும் கையொப்பமும், பெரும்பாலும் பிணையாளி ஒருவரும், சிறு கட்டணமும் கேட்பார்கள். சிறுவர்களுக்குப் பெற்றோரோ பாடசாலை அதிபரோ ஒப்பமிட்டால் பல இடங்களில் போதும்.

இனி மண்டபத்துக்கு வருவோம். நூல் வெளியீடு, வாசகர் வட்டம், உயர்தர மாணவரின் கூட்டுப்படிப்பு, வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வேலை விளம்பரம் தேடும் இளைஞர் என்று நூலகத்துக்கு வருகிறவர்களின் தேவை விரிந்துவிட்டது. நேர அட்டவணைதான் பல இடங்களில் இன்னும் விரியவில்லை. வேலைக்குப் போகிறவர் வீடு திரும்பும் வேளையில் கதவு பூட்டிக் கிடந்தால் அது யாருக்கான நூலகம்?

இதற்கு எழுத்தில் கேட்பதே வழி. பிரதேச சபையானால் தவிசாளருக்கும் செயலாளருக்கும், மாநகர சபையானால் முதல்வருக்கும் ஆணையாளருக்கும் எழுதுங்கள். திகதி, நேரம், வருவோர் தொகை, கட்டணம் அறவிடுகிறீர்களா இல்லையா, பொறுப்பாளர் யார் என்ற ஐந்தும் கடிதத்தில் இருக்கட்டும். பிரதியை நூலகரிடம் கொடுங்கள். அவர் உங்கள் பக்கம் நின்றால் பாதி வேலை முடிந்தது. தனி ஆளாக எழுதுவதைவிட வாசகர் வட்டத்தின் பெயரில் எழுதினால் கடிதத்துக்குக் கனம் கூடும். வட்டம் இல்லையா? தேசிய வாசிப்பு மாதமான ஒக்டோபரில் ஒன்றைத் தொடங்குவது எளிது, அப்போது மன்றங்களே நிகழ்ச்சிக்கு ஆள் தேடும்.

திறக்கும் நேரத்தை நீட்டுவது, கதிரை, மின்விசிறி, கணினி வாங்குவது எல்லாம் பணம் சார்ந்தவை. மன்றங்களின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஆகவே அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் இடம் பிடிக்கக் கோரிக்கை செப்டெம்பரிலேயே போய்ச் சேர வேண்டும். மார்ச்சில் கேட்டால் "நிதி ஒதுக்கீடு இல்லை" என்பார்கள், அதுவும் பொய்யல்ல. பிரதேச சபைகள் அமைக்கும் குழுக்களில் ஊர்மக்களையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. இதைப் பயன்படுத்திக் கேட்பவர்கள் குறைவு.

பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நூலகத்துக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, மண்டபப் பாவனைக்கான உப விதி ஆகியவற்றை மன்றத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம்; அங்கும் தீராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.