ராத்திரி மூக்கடைப்பும் பகல் கோவமும்

எங்க அக்கா மகன் ரெண்டாம் வகுப்பு படிக்கையில அவன பத்தி டீச்சர் சொன்னது ரெண்டே விஷயம், ஒன்னு வகுப்புல தூங்கி விழுறான், இன்னொன்னு எதுக்கெடுத்தாலும் கோவப்பட்டு பக்கத்து புள்ளைய அடிக்கிறான். அதுக்கு வீட்லயும் அடி வாங்கினான். அவன் ராத்திரி எப்படி தூங்குறான்னு எங்க தேயிலத் தோட்டத்து லயத்துல (வரிசை வீட்ல) யாருமே பாக்கல, நானும்தான். வாயத் தொறந்து, கொறட்ட விட்டு, நாலு தடவ எந்திரிச்சு ஒக்காந்து மூக்க தேச்சுட்டு மறுபடி படுக்குறது, அதுதான் அவன் தூக்கமா இருந்திருக்கு.

அவனுக்கு இருந்தது அலர்ஜி. அலர்ஜின்னா ஒடம்போட காவல்காரன் ஆள் தெரியாம அடிக்கிற மாதிரி. 1906ல கிளெமென்ஸ் வான் பிர்கேன்னு ஒரு ஆஸ்திரியா டாக்டர்தான் அந்த பேர வச்சார். ஒன்னும் செய்யாத ஒரு பொருள எதிரின்னு நெனச்சு ஒடம்பு ஐ.ஜி.ஈ.ன்னு ஒரு எதிர்ப்புப் புரதத்த தயார் பண்ணும், அது மூக்கு, தோல், நெஞ்சுக் கொழாய்ல இருக்கிற மாஸ்ட் செல்ங்கிற உயிரணு மேல போய் ஒட்டிக்கிட்டு காத்திருக்கும். அதே பொருள் திரும்ப வந்ததும் மாஸ்ட் செல் ஹிஸ்டமின்ங்கிற ரசாயனத்த கொட்டிரும், ஒடனே தும்மல், அரிப்பு, நீர் வடியிறது. சில மணி நேரம் கழிச்சு ரெண்டாவது அலையா வீக்கம் வந்து மூக்க அடைச்சிரும்.

நம்ம பக்கம் அந்த பொருள் பெரும்பாலும் தூசிப்பூச்சியோட கழிவுதான். அந்தப் பூச்சி அரை மில்லிமீட்டர் கூட இருக்காது, நம்ம ஒடம்புல உதிர்ற தோல தின்னு வாழும், தண்ணியே குடிக்காது, காத்துல உள்ள ஈரத்த இழுத்துக்கும். இப்ப யோசிச்சு பாருங்க, ஜூன் ஜூலைல ஹட்டன், தலவாக்கலை பக்கம் வாரக்கணக்குல மழையும் பனிமூட்டமும், கம்பளி காயாது, மெத்த காயாது, ஒரே காம்பராவுல (அறையில) அஞ்சு பேர், பக்கத்துல வெறகடுப்பு. அந்தப் பொக அலர்ஜி இல்ல, ஆனா ஏற்கனவே வீங்கியிருக்கிற மூக்க அது இன்னும் எரிய வைக்கும்.

ராத்திரில ஏன் கூடுதுன்னா, படுத்ததும் மூக்குல ரத்தம் தேங்கி வீக்கம் கூடும், அதோட வீக்கத்த அடக்குற கார்ட்டிசோல்ங்கிற ஹார்மோன் நடு ராத்திரி வாக்குல ரொம்ப கொறஞ்சிரும். கரப்பான்ங்கிற தோல் அலர்ஜி உள்ள புள்ளைக்கும் அரிப்பு ராத்திரிலதான் கூடுது. 6லருந்து 12 வயசு வரைக்கும் புள்ளைக்கு 9லருந்து 12 மணி நேர தூக்கம் வேணும், அது துண்டு துண்டா ஒடஞ்சா மொதல்ல அடிபடுறது நெத்திக்குப் பின்னால உள்ள மூளைப் பகுதி, கவனத்தையும் கோவத்தையும் புடிச்சு வைக்கிற எடம் அதுதான். பெரியவங்க தூக்கம் கெட்டா சோர்ந்து ஒக்காருவாங்க, சின்னப் புள்ளைங்க பலது அதுக்கு எதிரா துள்ளும், கத்தும், ஒரு எடத்துல நிக்காது, நாம அத சேட்டைன்னு சொல்லிருவோம்.

திட்டுனா இன்னும் மோசம். பயமும் பதட்டமும் வந்தா தோல் நரம்புலருந்து வர்ற சில பொருள் மாஸ்ட் செல்ல தூண்டிவிடும், அரிப்பு கூடும், திரும்பவும் தூக்கம் போகும். இது எனக்கு தெரிஞ்ச அன்னைக்கு அவன அடிச்சத நெனச்சு ரொம்ப நேரம் மனசு கேக்கல.

மருந்துலயும் கவனம் வேணும். பிரிட்டன்னு (Piriton) சொல்ற பழைய அலர்ஜி குளிசை மூளைக்குள்ள போயிரும், அங்க ஹிஸ்டமின்தான் நம்மள முழிக்க வைக்கிறது, அத அடைச்சா மறுநாளும் மந்தமா இருக்கும், சில புள்ளைக்கு நேர்மாறா படபடப்பு வரும். லோரட்டடின் மாதிரி புது அலர்ஜி மருந்துல இது கம்மி. ஆஸ்துமாவுக்கும் அலர்ஜிக்கும் குடுக்கிற மொண்டெலுகாஸ்ட் மருந்து குடிக்கிற புள்ளைக்கு கெட்ட கனவு, கோவம், மனச்சோர்வு வந்தா ஒடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க, 2020ல அமெரிக்க மருந்து நிர்வாகம் இதுக்குன்னே கடுமையான எச்சரிக்கை போட்டுச்சு.

அதுக்காக எல்லா கோவமும் அலர்ஜின்னு நெனச்சிராதீங்க. கவனக்குறைவும் அலர்ஜியும் ஒரே புள்ளைல சேந்து வர்றது அதிகம்னுதான் ஆய்வுங்க காட்டுது, ஒன்னு இன்னொன்ன உண்டாக்குதுன்னு அடிச்சு சொல்ல முடியாது. ஆனா கண்ணுக்கு கீழ கருமை, மூக்க கையால மேல தள்ளித் தள்ளி மூக்குக்கு குறுக்க விழுந்த கோடு, தொறந்த வாய், இது இருந்தா டிஸ்பென்சரிலயோ கிளினிக்லயோ காட்டுங்க.

எங்க பையனுக்கு மூக்குக்கு அடிக்கிற ஸ்ப்ரே குடுத்தாங்க, வெயில் அடிச்ச அன்னைக்கெல்லாம் கம்பளிய சுடுதண்ணில தொவச்சு காயப்போட்டோம். இப்ப அஞ்சாம் வகுப்பு. கோவம் மொத்தமா போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா வாய மூடிக்கிட்டு தூங்குறான், அக்கா கொழுந்து பறிக்க கெளம்புறதுக்கு முன்னாலயே தானா எந்திரிக்கிறான்.