வீல் பேரிங்கை வீட்டில் மாற்றுகிறீர்களா? சுத்தியலை எடுக்காதீர்கள்

போன மழைக்கு அப்புறம் வட சென்னை வியாசர்பாடியில் இருக்கும் என் பட்டறைக்கு ஒரு தம்பி காரைக் கொண்டுவந்தார். முன் சக்கரத்தில் 'ஊம்' என்று சத்தம். "அண்ணா, பேரிங் புதுசு. நானே மாத்தி ஒரு மாசம்கூட ஆகலை" என்றார்.

அழுத்தித் தள்ளும் மெஷினான பிரஸ்ஸில், சக்கரம் மாட்டும் ஹப்பை அழுத்தி எடுத்ததும் பேரிங் பிரிந்தது. கிரீஸைத் துடைத்து, குண்டுகள் உருளும் வளையமான ரேஸை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினேன். குண்டுகள் ஓடும் தடத்தில் சின்னச் சின்னக் குழிகள், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில். அவர் நகத்தை வைத்து ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு குழியிலும் நகம் தட்டியது. சுத்தியலால் அடித்து இறக்கியிருக்கிறார்; அந்த அடி முழுக்கக் குண்டுகள் வழியாக ரேஸில் இறங்கியிருக்கிறது.

எங்கள் பக்கம் பேரிங்குக்கு ஆயுள் குறைவுதான். மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர், எண்ணூர் போகிற வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள் தோண்டிய பள்ளம், காசிமேட்டில் உப்புக் காற்று. பேரிங்கை மூடும் ரப்பர் சீலைத் தாண்டித் தண்ணீர் போனால் கிரீஸ் பால் மாதிரி வெளுக்கும். அப்புறம் துரு, அப்புறம் சத்தம்.

முதலில் சத்தம் பேரிங்கில்தானா என்று பாருங்கள். ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்த டயரும் இப்படித்தான் கத்தும். ஓடும்போது இடது பக்கம் லேசாக வளையுங்கள். எடை வலது சக்கரத்தில் சாயும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். வண்டியைத் தூக்கி, ஒரு கையால் ஸ்பிரிங்கைத் தொட்டபடி சக்கரத்தைச் சுற்றினால், கெட்ட பேரிங்கின் சொரசொரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்துவிடும்.

வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும்தான். நம் தெருக்களில் மண்ணும் பெயர்ந்த கல்லும் அதிகம்; கண்ணெதிரே ஜாக்கி சாய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஸ்டாண்டு வைக்காமல், பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் தயவுசெய்து கையை உள்ளே விடாதீர்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய ஆக்சில் நட்டை, சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். தூக்கிய வண்டியில் நீளப் பைப் போட்டு இழுப்பது ஆபத்து.

பிரேக் பிடிக்கும் கேலிப்பரை அதன் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். சக்கரத்தின் வேகத்தைப் பார்க்கும் ஏபிஎஸ் சென்சாரைக் கழற்றி ஒதுக்குங்கள். ஷாக்கில் இருக்கும் இரண்டு போல்ட்டையும் எடுக்கும் முன் அவை நின்ற இடத்தைக் கோடு போட்டுக்கொண்டால் நல்லது. எப்படியும் கடைசியில் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

பேரிங்கைத் தாங்கும் உலோகத் துண்டான நக்கிள் கையில் வந்ததும் வீட்டு வேலை அங்கே நிற்கட்டும். பேரிங் ஹப்போடு சேர்ந்து போல்ட் போட்டு மாட்டும் வகை என்றால் பிரஸ் தேவையில்லை. நக்கிளுக்குள் அழுத்தி இறக்கும் வகை என்றால், நக்கிளைப் பையில் போட்டுக்கொண்டு பிரஸ் இருக்கும் லேத் பட்டறைக்குப் போங்கள். புது பேரிங்கை நக்கிளில் இறக்கும்போது அழுத்தம் வெளி ரேஸில் மட்டும் விழ வேண்டும். அப்புறம் ஹப்பை ஏற்றும்போது உள் ரேஸுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். இப்படி முட்டுக் கொடுக்காமல் அழுத்தினால் பிரஸ்ஸும் சுத்தியல் செய்ததையேதான் செய்யும். பக்கத்திலேயே நின்று பாருங்கள். கேட்டுச் செய்யச் சொல்லுங்கள், எந்த நல்ல லேத்காரரும் கோபப்பட மாட்டார். பழைய உள் ரேஸ் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டால் இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஏபிஎஸ் வண்டிகள் பலவற்றில் பேரிங்கின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கும். அது சென்சார் பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். எல்லா வேலையும் திரும்ப முதலிலிருந்து. பேரிங்கை நகராமல் பிடிக்கும் வளையமான சர்க்லிப் உண்டென்றால் அது காடியில் முழுக்க உட்கார்ந்ததா என்று பாருங்கள்.

ஆக்சில் நட் புதுசாகப் போடுங்கள். இரண்டு உள் ரேஸையும் இறுக்கிப் பிடிப்பதே அந்த நட்தான். ஒருவர் பிரேக்கை மிதிக்க, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து உங்கள் வண்டிக்குச் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். சின்ன கார்களிலேயே 150 நியூட்டன் மீட்டருக்கு மேல் வரும். இறுக்காமல் வண்டியை நாலடிகூடத் தள்ள வேண்டாம்.

அந்தத் தம்பி இரண்டாவது தடவையும் தானே மாட்டினார். பிரஸ் வேலை மட்டும் என்னிடம். மூலக்கடை வரை ஓட்டிப்போய், ஜன்னலை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டே திரும்பி வந்தார். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை இன்னொரு தடவை இறுக்கச் சொல்லி அனுப்பினேன்.