குழாய்ச்சுற்றுக் கொழுப்பு

‘இரத்தக் குழாயில் கொழுப்பு’ என்று எழுதிப் பாருங்கள். படிப்பவர் மனத்தில் உடனே வருவது அடைப்பு. அடுத்து ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட், மருத்துவமனைச் செலவு. பெரிவாஸ்குலர் அடிபோஸ் டிஷ்யூ என்ற மருத்துவச் சொல்லைத் தமிழில் சொல்ல முனைகிறவர் முதலில் தாண்டவேண்டிய பள்ளம் இதுதான். இந்தக் கொழுப்பு குழாய்க்குள் இல்லை; வெளியே, குழாயின் முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. எதையும் அடைப்பதில்லை. ஆனாலும் இரத்த அழுத்தம் ஏறுவதிலும் இறங்குவதிலும் அதற்குக் கை உண்டு. ஆகவே தமிழ்ச் சொல்லில் ‘வெளியே’ என்ற குறிப்பு கட்டாயம் இருந்தாக வேண்டும். ‘படிவு’, ‘படலம்’ போன்ற சொற்கள் கூடவே கூடாது. படிவது சேறு, இதுவோ உயிருள்ள திசு.

மூலச்சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘பெரி’ கிரேக்கம், சுற்றிலும் என்று பொருள். சுற்றளவைக் குறிக்கும் பெரிமீட்டரில் இருப்பதும் அதுவே. ‘வாஸ்குலர்’ லத்தீன் வழி வந்தது: ‘வாஸ்’ பாத்திரம், ‘வாஸ்குலம்’ சிறு பாத்திரம். ‘அடிபோஸ்’ என்பதன் வேர் ‘அடெப்ஸ்’, லத்தீனில் விலங்குக் கொழுப்பு. ‘டிஷ்யூ’ பழைய பிரெஞ்சுச் சொல், நெய்த துணி. ஆக, சிறு பாத்திரத்தைச் சுற்றிய கொழுப்பு நெசவு.

நெசவு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தமிழில் ‘நெய்’ பெயர்ச்சொல்லானால் உருக்கிய கொழுப்பு, வினையானால் துணி நெய்தல். அடிபோஸ் டிஷ்யூ என்ற இரண்டு சொல்லும் நம்மிடம் ஓரெழுத்தும் மாறாமல் ஒரே சொல்லில் கிடக்கின்றன! தற்செயல்தான், இதை வைத்துக் கலைச்சொல் ஆக்க முடியாது. ஆனால் இலங்கைப் பாடநூல்கள் டிஷ்யூவை ‘இழையம்’ என்று சொல்வதில் அந்த நெசவு தங்கியிருக்கிறது. இழை இழையாகப் பின்னியது இழையம். தமிழ்நாட்டில் நாம் ‘திசு’ என்று ஒலியை மட்டும் வாங்கிக்கொண்டு பொருளை அங்கேயே விட்டுவிட்டோம். திசு நிலைத்துவிட்ட சொல், அதை நான் மாற்றச் சொல்லவில்லை. என்றாலும் இழையம் அழகான சொல் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கொழுப்புக்கு வருவோம். பழந்தமிழில் ‘நிணம்’ என்ற சொல் இருந்தது. ஊனோடு சேர்ந்த கொழுப்பு. அதை எடுத்துக்கொள்ளலாமே என்றால், நிணநீர் என்று வேறொன்றுக்குப் பெயர் வைத்தாயிற்று. நிணத்திசு என்றால் கழுத்தில் நெறி கட்டும் நிணநீர்க் கணுக்கள்தான் நினைவுக்கு வரும். எனவே கொழுப்பே சரி. ‘கொழு’ என்ற வினைக்குச் செழித்தல் என்ற பொருளும் உண்டு. சித்த மருத்துவம் ஏழு உடற்கட்டுகளுள் ஒன்றாகக் கொழுப்பை எண்ணியது. இரத்தப் பரிசோதனைத் தாளில் வரும் கொலஸ்டிராலோடு இந்தச் சொல்லைக் கட்டிப்போட்டது நம் காலம். கொலஸ்டிராலையும் கொழுப்பு என்போம், திமிரையும் கொழுப்பு என்போம். அதனால்தான் ‘கொழுப்புத் திசு’ என்று முழுதாக ஒருமுறையாவது சொல்லிவிடுவது நல்லது.

‘வாஸ்குலர்’ என்பதில்தான் தமிழ்நாடும் இலங்கையும் வெகுவாக விலகுகின்றன. இங்கே இரத்தக் குழாய் அல்லது இரத்த நாளம், அங்கே குருதிக்கலன். பாத்திரம் என்ற லத்தீன் பொருளைக் ‘கலன்’ அப்படியே ஏற்கிறது. வேலையைப் பார்த்தால் ‘குழாய்’ பொருந்துகிறது. நாளம் என்பது உள்ளீடற்ற தண்டு, தாமரைத் தண்டு போல. ஆனால் இலங்கையில் நாளம் என்றால் சிரை மட்டுமே. தமனி அங்கே நாடி. நாம் பேசுகிற கொழுப்போ பெரும்பாலும் தமனிகளில் வைத்தே ஆராயப்பட்டது. ‘நாளஞ்சூழ்’ என்று தொடங்கினால் யாழ்ப்பாணத்து மாணவர் தவறான குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொரு வேடிக்கை: லெப்டின் போன்ற இயக்குநீர்களை, அதாவது ஹார்மோன்களை, சுரப்பதால் கொழுப்புத் திசுவை இப்போது நாளமில்லாச் சுரப்பிகளோடு சேர்த்துப் பேசுகிறார்கள். நாளத்தைச் சுற்றிய நாளமில்லாச் சுரப்பி! எழுதிப் பார்க்கச் சுவையாக இருக்கிறது, விளக்கப் போனால் தலை சுற்றும். நாளத்தை விட்டுவிடுகிறேன்.

இனி, அது என்ன செய்கிறது என்பது. குழாய்ச் சுவருக்கு மூன்று உறைகள் என்பது பாடநூல் கணக்கு: உள்ளுறை, தசை நிறைந்த நடுவுறை, வெளியுறை. லத்தீனில் இவற்றுக்கு ‘டியூனிகா’, அதாவது ரோமானியரின் அங்கி, என்று பெயர். மூன்று அங்கிகளுக்கும் மேலே போர்த்தியிருந்த கொழுப்பை யாரும் கணக்கில் வைக்கவில்லை. குழாய்த் துண்டைக் கரைசலில் தொங்கவிட்டு அது சுருங்கும் விசையை அளக்கும் சோதனையில், கொழுப்பைச் சுரண்டி எறிவதுதான் முதல் வேலையாகவே இருந்தது. 1991இல் எட்வர்ட் சோல்டிஸும் லிசா காசிஸும் எலியின் பெருந்தமனியைக் கொழுப்போடும் கொழுப்பின்றியும் சோதித்தார்கள். குழாயைச் சுருக்கும் நார்அட்ரினலினைக் கொடுத்தபோது, கொழுப்போடு இருந்த துண்டு குறைவாகவே சுருங்கியது.

பத்து ஆண்டுகளுக்கு மேல் கடந்து, 2002இல், பெர்லினில் மைக் கோலாஷ் குழுவினர் ஒரு படி மேலே போனார்கள். கொழுப்போடு கூடிய துண்டு கிடந்த கரைசலை எடுத்து, கொழுப்பில்லாத துண்டின் மேல் விட்டார்கள். அதுவும் தளர்ந்தது. அப்படியானால் கொழுப்பு வெறும் மெத்தையாக இருந்து தடுக்கவில்லை, எதையோ சுரக்கிறது. சுரப்பது எது என்பதற்கு, கொழுப்பணுக்கள் சுரக்கும் புரதமான அடிபோனெக்டின், நைட்ரிக் ஆக்சைடு, அழுகிய முட்டை நாற்றத்துக்குப் பேர்போன ஹைட்ரஜன் சல்ஃபைடு எனப் பல பெயர்கள் முன்வைக்கப்பட்டன. ஒன்றே ஒன்று என்று சொல்ல முடியாது. இடத்துக்கு இடம், உயிரினத்துக்கு உயிரினம் மாறுகிறது. மூளையின் தமனிகளுக்கோ இந்தப் போர்வையே கிடையாது.

கொஞ்சம் தளர்வதால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் புவசேய் கண்ட விதியின்படி, குழாய் வழியே நீர்மம் ஓடுவதற்கான தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். பாதியாகக் குறைந்தால் 16 மடங்கு. இரத்த அழுத்தத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை நூல்போன்ற சிறு தமனிகள். அவற்றின் தசை மயிரிழை அளவு இறுகினாலும் கையில் கட்டிய பட்டையில் எண் ஏறும்.

உடல் பருக்கும்போது இதே கொழுப்பு கட்சி மாறுகிறது. கொழுப்பணுக்கள் ஊதிப் பெருக்க, அவற்றுக்கு ஆக்சிஜன் போதாமல் போகிறது. அழற்சி அணுக்கள் வந்து குடியேறுகின்றன. தளர்த்தும் சுரப்புகள் குறைகின்றன. குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சினுக்கான மூலப்புரதத்தையும் இந்தக் கொழுப்பு தயாரிக்கக் கூடியது. 2009இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் மனிதர்களின் பிட்டத்திலிருந்து சிறு தமனிகளைக் கொழுப்போடு எடுத்துச் சோதித்தார்கள். உடல் பருமனும் வளர்சிதை மாற்றக் கோளாறும் உள்ளவர்களிடம் அந்தத் தளர்த்தும் குணம் காணாமல் போயிருந்தது. உடல் எடை குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் அது திரும்பி வந்ததையும் மான்செஸ்டர்காரர்களே பின்னர் காட்டினார்கள்.

கொழுப்பின் நிறமும் இதில் சேர்கிறது. எலியின் மார்புப் பகுதிப் பெருந்தமனியைச் சுற்றி இருப்பது வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பை ஒத்தது. வயிற்றுப் பகுதிக்கு வந்தால் வெள்ளைக் கொழுப்பின் சாயல் கூடுகிறது. 2021இல் நியூயார்க்கில் 52,000க்கும் மேற்பட்டவர்களின் பெட் ஸ்கேன்களை ஆராய்ந்தபோது, பழுப்புக் கொழுப்பு தென்பட்டவர்களிடம் உயர் இரத்த அழுத்தம் குறைவாகக் காணப்பட்டது. அந்த ஆய்வு பொதுவான பழுப்புக் கொழுப்பைப் பற்றியது, குழாயைச் சுற்றியதை மட்டும் பிரித்துப் பார்த்ததல்ல. இரண்டையும் ஒன்றாக்கிச் செய்தி எழுதுவது அவசரம்.

சொல்லுக்குத் திரும்புகிறேன். எவருக்கும் முதலில் தோன்றுவது ‘குழாய்சூழ் கொழுப்பு’. எனக்கும் அதுவே தோன்றியது. ஓசை நன்றாக இருக்கிறது. ‘சூழ்’ என்பதற்குச் சுற்றி நிற்றல் என்ற பொருளோடு எண்ணிப் பார்த்தல், சதி செய்தல் என்ற பொருள்களும் உண்டு. குறளின் ‘சூழ்ந்து செயல்’ எண்ணிப் பார்த்தல், இன்றைய ‘சூழ்ச்சி’ சதி. நல்ல நாளில் குழாயைத் தளர்த்தி, கெட்ட நாளில் இறுக்கும் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான வினை உண்டா? ஆனால் ‘கடல்சூழ் இலங்கை’ என்று சொல்லிப் பாருங்கள். சூழ்வது கடல், சூழப்படுவது இலங்கை. அதே அமைப்பில் குழாய்சூழ் கொழுப்பு என்றால், குழாய்களால் சூழப்பட்ட கொழுப்பு! ‘குழாயைச் சூழ்ந்த’ என்று வேற்றுமை உருபை விரித்துச் சொன்னால் சரியாகிவிடும். தொகையாக்கினால் இரண்டு பக்கமும் சாயும். கொழுப்பணுக்களுக்கு இடையே நுண்குழாய்கள் நெருக்கமாக ஓடுவது வேறு உண்மை என்பதால், தவறாகப் புரிந்துகொண்டவர் தன் தவற்றைக் கண்டுபிடிக்கவே மாட்டார்.

ஆகவே என் தேர்வு ‘குழாய்ச்சுற்றுக் கொழுப்புத் திசு’. பேச்சில் குழாய்ச்சுற்றுக் கொழுப்பு போதும். சுற்றுச்சுவர், சுற்றுப்புறம் என்று பழகிய சொல். எது நடுவில், எது வெளியில் என்ற ஐயம் வராது. உறவினரைச் ‘சுற்றம்’ என்கிறோமே, அந்த வாடையும் இதில் இருக்கிறது. இலங்கை வழக்கில் ‘கலன்சுற்றுக் கொழுப்பிழையம்’ என்று அமையலாம்.

‘குழாயுறைக் கொழுப்பு’ என்று இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தேன். மூன்று உறைகளுக்குப் பிறகு நான்காவது உறை என்ற கருத்து அதில் கச்சிதமாக வருகிறது. சிக்கல் அந்த ‘க்’கில் இருக்கிறது. மெய்ப்புத் திருத்துகிறவர் அவசரத்தில் ஒற்றை விட்டு ‘குழாயுறை கொழுப்பு’ என்று அச்சேற்றிவிட்டால், அது குழாயில் உறைகின்ற கொழுப்பு என்றாகிவிடும். கொழுப்பு மறுபடியும் குழாய்க்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.