நுண்ணங்கி: சொல் விளக்கம்

இலங்கையின் மலையகத்தில் வயிற்றுக்கு ஏதாவது வந்தால் இரண்டு சொற்கள்தான் முதலில் வாயில் வரும். பிள்ளைக்கு வயிறு வலித்தால் 'பூச்சி', பெரியவருக்கு வயிற்றோட்டம் என்றால் 'கிருமி'. பூச்சி என்பது குடற்புழு. கிருமியும் முதலில் புழுதான். வடமொழியில் அதற்கு அதுவே பொருள். பிறகு கண்ணுக்குத் தெரியாமல் நோய் தருகிற எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. கிருமி என்றதுமே அதைக் கொல்ல வேண்டும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது.

நம் குடலில் குடியிருப்பவற்றை அப்படி அழைப்பது தவறு. வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் இருப்பதாக 2016இல் மதிப்பிட்டார்கள். பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. நம்மால் சமிபாடு செய்ய முடியாத நார்ச்சத்தை அவை நொதிக்க வைத்து, குடற்சுவரின் கலங்களுக்கு (செல்களுக்கு) உணவாகும் அமிலங்களை உண்டாக்குகின்றன.

'பற்றீரியா' என்பது கிரேக்கத்தில் சிறு கோல் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. 1828இல் ஏரன்பேர்க் என்ற ஜெர்மானிய அறிஞர் அந்தப் பெயரை வைத்தார். அவர் பார்த்தவை கோல் வடிவில் இருந்தன. தமிழ்நாட்டில் இதைப் பாக்டீரியா என்று எழுதுகிறார்கள்.

இப்போது நுண்ணங்கி. இலங்கைப் பாடநூல்களில் உறுப்புக்கு அங்கம் என்று பெயர். அங்கங்களைக் கொண்டது அங்கி, அதாவது உயிரி. நுண் + அங்கி = நுண்ணங்கி. தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும் என்ற விதிப்படி ணகரம் இரட்டித்தது. அங்கி என்றால் பாதிரியார் போடும் நீளச் சட்டைதானே என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் அங்கம் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். தமிழ்நாட்டின் 'நுண்ணுயிரி'யும் நல்ல சொல்தான். ஆனாலும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த நுண்ணங்கிதான் எனக்கு நெருக்கம். குடலில் இருப்பவற்றைச் சேர்த்துச் சொல்ல 'குடல்வாழ் நுண்ணங்கிகள்' போதும். காணொளிகளில் வரும் 'மைக்ரோபயோம்' நம் ஆட்களுக்கு ஒட்டாது. 'குடல் தாவரம்' என்பது அதைவிட மோசம். பற்றீரியாவைத் தாவரமாக எண்ணிய காலத்தின் மிச்சம் அது.

சரி, சொல்லைத் திருத்தினால் என்ன வந்துவிடப்போகிறது? உயிருள்ள ஒன்று என்று ஏற்றுக்கொண்டால்தான் அது எதைத் தின்கிறது, யாருடைய குடலில் தின்கிறது என்று கேட்கத் தோன்றும். 2014இல் டேனியல் போல்னிக் என்ற உயிரியலாளரின் குழுவினர் அதைத்தான் கேட்டார்கள். ஸ்டிக்கில்பேக், பேர்ச் என்ற இரு மீன் வகைகளில், உணவு மாறும்போது குடல்வாழ் நுண்ணங்கிகள் ஆணில் ஒருவிதமாகவும் பெண்ணில் வேறுவிதமாகவும் மாறின. ஆணில் பெருகிய ஒரு வகை, அதே உணவுக்குப் பெண்ணில் குறையவும் கூடும். எலியிலும் மனிதரிலும் இதன் சாயல் தெரிந்தது, மீன்களைவிட மெலிதாக. பாலியல் ஓமோன்களும் நோயெதிர்ப்புத் தொகுதியும் காரணமாகலாம் என்று கருதுகிறார்கள்.

நம் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், காலையில் ஒரே அடுப்பில் சுட்ட கோதுமை மா ரொட்டியும் சம்பலும்தான் எல்லாருக்கும். பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போய்க் கூடையோடு மலையேறும் அம்மாவின் குடலும், அதே ரொட்டியைத் தின்ற அப்பாவின் குடலும் அதற்கு ஒரே மாதிரி பதில் சொல்லும் என்று முன்கூட்டியே எண்ணிவிட முடியாது. வெள்ளை மாவில் நார் குறைவு. கரட், கோவா (முட்டைக்கோஸ்), போஞ்சி (பீன்ஸ்) எல்லாம் நம் மலையிலேயே விளைகின்றன. அவற்றில் நார் இருக்கிறது. அதனால் "நார்ச்சத்து சாப்பிடுங்கள்" என்று பொதுவாகச் சொல்லும் சுகாதார வகுப்புகளில், கொழுந்து பறிக்கும் பெண்களின் குடல்வாழ் நுண்ணங்கிகளைப் பற்றித் தனியாகவும் பேச வேண்டும் என்று கேட்கிறேன்.