அக்ரூவல்: செக்ரோல்ல இருந்த கணக்குக்கு தமிழ்ல என்ன பேரு?

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல எங்க கோயில் ஆண்டுக்கூட்டம். பொருளாளர் எந்திரிச்சு இந்த வருஷம் 8,000 வெள்ளி, அதாவது ரிங்கிட், மிச்சம்னு படிச்சாரு, எல்லாரும் கைதட்டினாங்க. பின்னாடி உக்காந்திருந்த கூடாரக்காரர் மெதுவா கைய தூக்கி, "அண்ணே, திருவிழா பணம் எனக்கு இன்னும் வரலையே"ன்னாரு. அவருக்கு 6,500, மேளக்காரங்களுக்கு 3,000, அன்னதானத்துக்கு அரிசி காய்கறி எறக்குன கடைக்கு 2,200. கூட்டிப் பாத்தா 11,700. அப்போ மிச்சம் எங்க இருக்கு, 3,700 துண்டுல்ல விழுது. பொருளாளர் பொய் சொல்லல, பெட்டியில நெசமாவே 8,000 இருந்துச்சு. அவர் படிச்சது பெட்டிக் கணக்கு, அவ்வளவுதான்.

அன்னைக்கு ராத்திரி பூரா எனக்கு இதே நெனப்பு, ஏன்னா நான் இந்த ஊர்ல சின்ன சின்ன கடைங்களுக்கு கணக்கு எழுதிக் கொடுக்குறவன், அரசாங்கங்களும் ரொம்ப காலமா இதே பெட்டிக் கணக்கத்தான் நாட்டுக்கே படிச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு தெரியும், அத மாத்தத்தான் உலகம் பூரா "கேஷ்ல இருந்து அக்ரூவலுக்கு"ன்னு, அதாவது பணம் கை மாறுன நாள விட்டுட்டு கடமை உண்டான நாள வெச்சு எழுதுறதுக்கு, ஒரு வேல நடக்குதுன்னும் தெரியும், ஆனா கூட்டம் முடிஞ்சு ஒரு தம்பி "அக்ரூவல்னா தமிழ்ல என்னண்ணே"ன்னு கேட்டப்ப என் வாயில ஒன்னும் வரல. அதான் இத எழுதுறேன்.

மொதல்ல கேஷ். இங்கிலீஷ்ல பணத்த குறிக்கிற கேஷ், பிரெஞ்சு இத்தாலிய மொழிகள் வழியா லத்தீன்ல "பெட்டி"ங்கிற சொல்லுல இருந்து வந்தது. பெட்டிக் கணக்குன்னு நான் சொன்னது சும்மா இல்ல, அந்த சொல்லுக்கு வேரே பெட்டிதான். அதே இங்கிலீஷ்ல இன்னொரு கேஷும் இருக்கு, ஆசியாவுல புழங்குன சின்னக் காசுங்களுக்கு வெள்ளைக்காரன் வெச்ச பேரு, அது நம்ம "காசு"தான், போர்ச்சுகீஸ்காரன் வாயில பூந்து வெளிய வந்தது. தமிழ்ல கேஷுக்கு ரொக்கம்னு ஒரு நல்ல சொல் எப்பவோ நெலைச்சிருச்சு, வடக்க இந்தி குஜராத்தியிலயும் அதுக்கு ஒட்டுன சொல்லு இருக்கு. ரொக்க அடிப்படைன்னா யாருக்கும் புரியும், அதுல சண்டை இல்ல.

அக்ரூவல்தான் சிக்கல். அது லத்தீன்ல "மேல மேல வளர்றது"ங்கிற வினையில இருந்து பழைய பிரெஞ்சு வழியா 15ஆம் நூற்றாண்டு வாக்குல இங்கிலீஷுக்கு வந்தது. பிறைக்கு சொல்ற கிரசன்ட், கப்பல் ஆளுங்கள சொல்ற குரூ, எல்லாம் அதே "வளர்" வேருதான். வட்டி நாளுக்கு நாள் வளருதுல்ல, அந்த வளர்ச்சிதான் மொதல் பொருள். மலாய்ல அப்படியே எடுத்து அக்ருவான்னு வெச்சுக்கிட்டாங்க. ஆனா கணக்குல இன்னைக்கு அந்த சொல் செய்யுற வேல வளர்ச்சி மட்டும் இல்ல. பணம் கை மாறுற நாள்ல எழுதாம, கொடுக்க வேண்டிய கடமையோ வாங்க வேண்டிய உரிமையோ உண்டாகுற நாள்லயே எழுதுறது, அதான் அக்ரூவல்.

இது நமக்கு புதுசா என்ன? எங்கம்மா தோட்டத்துல கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவுனவங்க. விடியக்காலம் ஆள் எண்ணுற பெரட்டுக்கு நின்னு, மரம் சீவி, பால் எடுத்து ஸ்டோர்ல நிறுத்துட்டு வந்தா தோட்டத்து கணக்கரு, கிராணி, அன்னைக்கே செக்ரோல்ல, அதாவது யாரு எவ்வளவு வேல செஞ்சாங்கன்னு எழுதுற ஏட்டுல, எழுதிருவாரு. சம்பளம் அடுத்த மாசம்தான் கைக்கு வரும். 1955 வேலைச் சட்டமும் சம்பள காலம் முடிஞ்சு ஏழு நாளுக்குள்ள கொடுத்துரணும்னுதான் சொல்லுது. அப்போ மாசம் 31ஆம் தேதி சாயங்காலம் தோட்டத்து பெட்டியில இருக்குற பணம் பூரா தோட்டத்துதா? இல்லையே, அதுல ஒரு பங்கு அம்மா ஏற்கனவே ஒழச்சு முடிச்ச பணம், இன்னும் கைக்கு வரல அவ்வளவுதான். செக்ரோலுக்கு அது தெரியும், பெட்டிக்கு தெரியாது. அதேபோல சாமான் கடையில பற்று எழுதுறப்ப அரிசி வீட்டுக்கு வந்த நாளத்தான் எழுதுவாங்க, கடன் தீர்ந்த நாள இல்ல.

இப்போ அரசாங்கம். அனைத்துலக நாணய நிதியம் (ஐஎம்எஃப்) 1986ல போட்ட அரசு நிதிப் புள்ளிவிவரக் கையேடு ரொக்கத்த வெச்சுத்தான் இருந்துச்சு, பணம் வந்துச்சா, பணம் போச்சா, அவ்வளவு. 2001 கையேடுலதான் அக்ரூவலுக்கு மாறினாங்க, 2014ல அத இன்னும் திருத்தி, நாட்டோட மொத்தப் பொருளாதாரத்த அளக்குற தேசியக் கணக்கு முறையோட இணைச்சாங்க. ரொக்க ஓட்டத்த தூக்கிப் போடல, அதுக்கு தனியா ஒரு அறிக்கை வெச்சாங்க, அது சரியான முடிவு, ஏன்னா பெட்டியில என்ன இருக்குன்னும் தெரிஞ்சாகணும்ல. புதுசா சேர்ந்தது ஐந்தொகை. அரசாங்கத்துக்கு என்ன சொத்து, என்ன கடன், கழிச்சா நிகர மதிப்பு எவ்வளவுன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. ஒரே கேள்விதான், ஆனா நெறைய மாறிருச்சு. பழைய கையேடுல அரசாங்கம் நெலத்த வித்தா அது வருமானம். புதுசுல கெடையாது, ஏன்னா நெலம் போயி பணம் வந்துச்சு, மதிப்பு அப்படியேதான இருக்கு. தோட்டத்து நெலத்த துண்டு துண்டா வித்து வீட்டு நெலமா ஆக்குறத கண்ணால பாத்த ஊரு எங்களுது, வித்த வருஷம் கணக்கு எவ்வளவு செழிப்பா தெரியும்னு எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேணாம்.

தேய்மானமும் அப்படித்தான். செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, நட்டா மூணு வருஷம் போல காத்திருக்கணும், அப்புறம் 20, 25 வருஷம் குலை வெட்டலாம். நட்ட வருஷத்துலயே மொத்த செலவையும் எழுதுனா அந்த வருஷம் பேரிழப்பு மாதிரியும் மத்த வருஷமெல்லாம் கொள்ளை லாபம் மாதிரியும் தெரியும், ரெண்டும் தப்பு. அரசாங்கம் கட்டுற பள்ளிக்கூடம், பாலம், ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் இதே நியாயம், தேயத் தேய வருஷா வருஷம் செலவா எழுதணும்.

நம்ம நாட்டுலயே கண்ணுக்குத் தெரிஞ்ச ஒன்னு சொல்றேன். ஜிஎஸ்டிங்கிற பொருள் சேவை வரி 2015 ஏப்ரல்ல 6 விழுக்காட்டோட வந்துச்சு, 2018ல எடுத்துட்டாங்க. கம்பெனிங்க கூடுதலா கட்டுன வரிய திருப்பிக் கொடுக்கணும்ங்கிறது அதோட விதியா இருந்துச்சு. அதுலயும் வருமான வரியிலயும் திருப்பிக் கொடுக்க வேண்டிய பாக்கிய தீர்க்க 2019 பட்ஜெட்ல 37 பில்லியன் ரிங்கிட் ஒதுக்குனாங்க, அதுக்காக அரசாங்க எண்ணெய்க் கம்பெனி பெட்ரோனாஸ்கிட்ட இருந்து 30 பில்லியன் சிறப்பு டிவிடெண்ட், அதாவது லாபப் பங்கு, வாங்குனாங்க. யாரு சரி யாரு தப்புங்கிற அரசியலுக்குள்ள நான் போகல. கணக்கா மட்டும் பாருங்க, அந்த பாக்கி 2019ல பொறந்தது இல்ல, அதுக்கு முன்னாடி வருஷங்கள்ல உண்டானது, ரொக்கக் கணக்குல அந்தந்த வருஷம் வரி வருமானம் முழுசா நல்லாத் தெரியும், கொடுக்குற வருஷத்து தலையில மொத்தமும் விழும். நிகழ்ந்த நாள்ல எழுதியிருந்தா வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா கண்ணுல பட்டிருக்கும்.

சரி, தமிழ்ச் சொல். இலங்கைத் தமிழ் பாடப்புத்தகங்கள்ல "அட்டுறு செலவு"ன்னு எழுதுறாங்க, சுருக்கமான சொல்லுதான், ஆனா இங்க எங்க ஊர்ல யாருகிட்ட சொன்னாலும் முழிப்பாங்க. தமிழ்நாட்டுல "கொடுபட வேண்டிய செலவு", "கூடியுள்ள வருமானம்"னு இருக்கு, பொருள் தெளிவா இருக்கு, ஆனா அது தனித்தனி கணக்குக்கு பேரு, முறைக்கு பேரு ஆகாது. நிலுவைன்னு சிலர் சொல்லுவாங்க, அது நில்லுங்கிற வேர்ல வந்த அருமையான சொல்லு, இருந்தாலும் நிலுவைன்னா கெடு தாண்டி நிக்கிறதுன்னு ஒரு குத்தச்சாட்டு அதுல ஒட்டியிருக்கு. 31ஆம் தேதி அம்மாவோட சம்பளம் நிலுவை இல்ல, கெடு இன்னும் வரவே இல்ல. பாக்கி அரபுச் சொல், மலாய்லயும் அதே பாக்கிதான், கடையில மீதிப் பணத்தையும் அப்படித்தான் கேக்குறோம், அதனால அதுவும் குழப்பும்.

என் முடிவு என்னன்னா ரெண்டு வேலைக்கு ரெண்டு சொல் வேணும். முறைக்கு "நிகழ்வு அடிப்படை". நாணய நிதியத்தோட கையேடும் பொருளாதார மதிப்பு உண்டாகுற, மாறுற, கை மாறுற, அழியுற நேரத்துல எழுதுங்கன்னுதான் சொல்லுது, அதுக்கு மூல மொழியில இருக்குற "வளர்ச்சி"ய விட "நிகழ்வு" நெருக்கமா நிக்குது. சேர்ந்துகிட்டே வர்ற தொகைக்கு "ஏறிய". ஏறிய வட்டி, ஏறிய சம்பளம், ஏறிய செலவு. இத நான் உண்டாக்கல, "வட்டி ஏறிக்கிட்டே போகுது"ன்னு நம்ம பாட்டிங்க சொன்னதுதான். அதுல இன்னொரு அழகும் இருக்கு, "கணக்குல ஏத்து"ன்னா எழுதுன்னு அர்த்தம். தொகையும் ஏறுது, ஏட்டுலயும் ஏறுது, ஒரே வினை ரெண்டையும் தாங்குது. 

மலேசியா இதுல எங்க நிக்குது? அக்ரூவலுக்கு மாறப் போறோம்னு 2011ல அறிவிச்சாங்க, 2015ன்னு கெடு வெச்சாங்க, தள்ளிப் போச்சு. அக்ரூவலுக்கு ஏத்த ஐஜிஎஃப்மாஸ்ங்கிற அரசாங்கக் கணக்குக் கணினி முறை 2018ல வந்துச்சு, ஆனாலும் அதுக்கு அப்புறம் வந்த ஆண்டு நிதி அறிக்கைங்க திருத்திய ரொக்க அடிப்படையிலதான் இருந்துச்சு, அதாவது போன வருஷத்து பில்ல ஜனவரியில கட்டுனா போன வருஷத்துலயே சேர்த்துக்கலாம், மத்தபடி ரொக்கம்தான். 1957 நிதி நடைமுறைச் சட்டம் ரொக்கத்த நெனச்சு எழுதுனது, சட்டத்த தொடாம முழுசா மாற முடியாது. கணக்காளருங்க பொதுத்துறைக் கணக்கியல் தரம்னு சொல்றது வேற, மேல சொன்ன புள்ளிவிவரத் தரம் வேறங்கிறதையும் மறக்கக்கூடாது, முன்னது ஒரு அரசாங்கம் தன் புத்தகத்த எழுதுற விதம், பின்னது எல்லா நாட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்குற விதம், ரெண்டும் நிகழ்வு அடிப்படைக்கு வந்தாத்தான் ஒன்னுக்கொன்னு பேசும்.

கோயில் கணக்க இந்த வருஷம் என்கிட்ட கொடுத்திருக்காங்க. அறிவிப்புப் பலகையில ஒட்டுற தாள்ல "பெட்டியில இருப்பது"க்கு பக்கத்துல "ஏறியது, இன்னும் கொடுக்காதது"ன்னு ஒரு பத்தி போட்டிருக்கேன். கூடாரக்காரர் பேரு அதுல மொதல் வரி.