கெலோங் மீனுக்குச் சொந்த முத்திரை: சட்டத்தில் வழி இருக்கிறது

சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில் பனிக்கட்டிமேல் கிடக்கும் கொடுவாவுக்கும் சங்கராவுக்கும் சீட்டு எதுவும் ஒட்டியிருக்காது. "உபின் தீவுப் பக்கம் வளர்த்தது, காலையில்தான் வந்துச்சு" என்று கடைக்காரர் சொன்னால், அவர் முகத்தைப் பார்த்து நம்பி வாங்குகிறோம். பேரங்காடியில் கதையே வேறு. ஒரே பொட்டலத்தில் இரண்டு மூன்று சின்னங்கள் இருக்கும். எது எதைச் சொல்கிறது என்று நின்று படிக்க யாருக்கு நேரம்?

சிங்கப்பூர்க் கடலில் கெலோங் எனும் கடல் பண்ணைகளில் சிறிய அளவில் மீன் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், படகில் போய்ப் பிடிப்பவர்களும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். கடலைக் கெடுக்காமல் தொழில் செய்கிறோம் என்று சொல்ல, அவர்கள் தங்களுக்கென்று ஒரு முத்திரை வைத்துக்கொள்ள முடியுமா? முடியும். ஆனால் அதற்கென்று தனி அரசுத் திட்டம் கிடையாது. படிவம் நிரப்பிக் கொடுத்தால் முத்திரை கைக்கு வந்துவிடாது. வணிகக் குறி (டிரேட்மார்க்) சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு தொழிலில் இருப்பவர்களே உருவாக்க வேண்டும்.

ஏற்கெனவே இருக்கும் சின்னங்கள்

முதலில் கடையில் பார்ப்பவற்றைப் பிரித்துக்கொள்வோம். 'எஸ்ஜி ஃபிரெஷ் புரொடியூஸ்' சின்னத்தை சிங்கப்பூர் உணவு அமைப்பு 2020இல் கொண்டுவந்தது. பொருள் இங்கே விளைந்தது என்று காட்டுவதுதான் அதன் வேலை. மீனுக்கு என்ன தீவனம் போட்டார்கள், கழிவு எங்கே போனது என்பதை அதில் தேடக் கூடாது. நல்ல மீன்வளர்ப்பு முறைக்கென்று சிங்கப்பூர்த் தரநிலை ஒன்றும் இருக்கிறது. அது பண்ணையை நடத்தும் விதத்தைப் பற்றியது.

'சிங்கப்பூர் கிரீன் லேபல்' 1992இல் தொடங்கியது. 1999 முதல் சிங்கப்பூர்ச் சுற்றுப்புற மன்றம் அதை நடத்துகிறது. பெயரைக் கேட்டால் மீனுக்கும் கிடைக்கும் போலத் தோன்றும், கிடைக்காது. உணவு, பானம், மருந்து மூன்றும் அந்தத் திட்டத்துக்கு வெளியே. இருந்தாலும் ஒரு முத்திரைக்கு எவ்வளவு வலு இருக்க முடியும் என்பதை நமக்குக் காட்டியது அதுதான். 2015இல் புகைமூட்டம் மூச்சை அடைத்தபோது, ஒரு காகித நிறுவனத்தின் பொருள்களுக்கான முத்திரையை மன்றம் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. பேரங்காடிகள் அவற்றை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன. கொடுக்கத் தெரிந்த முத்திரைக்குப் பறிக்கவும் தெரிய வேண்டும். இதை மனத்தில் வையுங்கள், கீழே விதிமுறை எழுதும் இடத்தில் உதவும்.

அப்புறம் வெளிநாட்டுச் சின்னங்கள். நீல நிறத்தில் மீன் வடிவம் போட்டது மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலுடையது, சுருக்கமாக எம்எஸ்சி. 1997இல் தொடங்கியது, கடலில் பிடிக்கும் மீனுக்கானது. பண்ணையில் வளர்க்கும் மீனுக்கு 2010இல் தொடங்கிய ஏஎஸ்சி (அக்வாகல்ச்சர் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) என்ற வேறு சின்னம் இருக்கிறது. இரண்டும் கடுமையானவை, செலவும் அதிகம். ஒரு மீன்பிடிப்பு முழு எம்எஸ்சி ஆய்வுக்குப் போனால் சுமார் 15,000 முதல் 120,000 அமெரிக்க டாலர் வரை ஆகலாம். நாலு பேர் சேர்ந்து நடத்தும் பண்ணைக்கோ ஒற்றைப் படகுக்கோ இது எட்டாத கணக்கு.

சான்றுக் குறியா, கூட்டுக் குறியா?

சிங்கப்பூரின் 1998ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தில் சாதாரண வணிகக் குறியைத் தவிர இன்னும் இரண்டு வகை உண்டு. ஒன்று சான்றுக் குறி, மற்றது கூட்டுக் குறி. இரண்டையும் பதிவு செய்வது சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகம். பாதியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமென்றால் இந்த இரண்டின் வித்தியாசத்தை முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

சான்றுக் குறியின் சொந்தக்காரர் தாம் சான்றளிக்கும் பொருளை விற்கும் தொழிலில் இருக்கக் கூடாது. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் தரும் ஹலால் சான்றிதழை எல்லாருக்கும் தெரியும். முயிஸ் பிரியாணிக் கடை நடத்துவதில்லை, அதனால்தான் அதன் சொல்லுக்கு மதிப்பு. மீனுக்கும் அப்படித்தான். மீன் விற்காத ஓர் அமைப்பு குறியை வைத்திருக்கும், நிபந்தனையை நிறைவேற்றும் யாரும் கேட்டு வாங்கிப் பயன்படுத்தலாம்.

கூட்டுக் குறி ஒரு சங்கத்துக்குச் சொந்தம். அதைப் பயன்படுத்துபவர்கள் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள். ஆகவே பண்ணைக்காரர்களே ஒன்றுகூடி ஆரம்பிப்பதாக இருந்தால் இதுதான் பொருந்தும். இதில் சட்டம் ஒரு பிடி வைத்திருக்கிறது: பார்ப்பவர்கள் அதைச் சான்றுக் குறி என்று தவறாக நினைக்கும்படி இருக்கக் கூடாது. இது கூட்டுக் குறிதான் என்று தெரியும்படி ஏதாவது சேர்க்கச் சொல்லிப் பதிவாளர் கேட்கலாம். நம் மீனை நாமே மெச்சிக்கொண்டு, வெளியாள் சோதித்துப் பார்த்ததுபோல் காட்டுவதைத் தடுக்கும் ஏற்பாடு இது.

எதை எடுப்பது? மீன்பிடிப்பிலிருந்து வரும் பொருள்களுக்கான சுற்றுச்சூழல் முத்திரை பற்றி ஐநாவின் உணவு, வேளாண் அமைப்பு 2005இல் வழிகாட்டி வெளியிட்டு 2009இல் திருத்தியது. தரநிலை வகுப்பவரும் சான்று தருபவரும் மீன் விற்பவரிடமிருந்து விலகி நிற்க வேண்டும் என்பது அதன் அடிநாதம். அப்படிப் பார்த்தால் சான்றுக் குறிதான் உசத்தி. ஆனால் இங்கே தொழிலில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர், பண்ணைகளும் குறைந்துகொண்டு வருகின்றன. தனியாக ஓர் அமைப்பு தொடங்கி, ஆள் போட்டு, ஆய்வு நடத்த யாரிடம் பணம் இருக்கிறது? கூட்டுக் குறியில் ஆரம்பித்து, வருடாவருடம் பார்வையிட மட்டும் சங்கத்தில் இல்லாத ஒருவரை அழைப்பது நடக்கக்கூடிய காரியம் என்று எனக்குப் படுகிறது.

சங்கம் அமைக்கவும் இரண்டு வழி உண்டு. சங்கங்கள் சட்டத்தின்கீழ் என்றால் குறைந்தது 10 பேர் வேண்டும். கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்தால் 5 பேர் போதும், சேர்ந்து விற்கவும் வசதி.

விதிமுறை ஆவணம்

சின்னத்தின் படத்தை வரைவது பெரிய வேலை இல்லை. உண்மையான வேலை அதோடு தாக்கல் செய்யவேண்டிய விதிமுறை ஆவணம். கூட்டுக் குறி என்றால் யார் பயன்படுத்தலாம், உறுப்பினராக என்ன தகுதி, எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம், மீறினால் என்ன தண்டனை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சான்றுக் குறி என்றால் இன்னும் கேட்பார்கள்: எந்தத் தன்மைக்குச் சான்று, எப்படிச் சோதிப்பீர்கள், பயன்பாட்டை எப்படி மேற்பார்வை செய்வீர்கள், கட்டணம் எவ்வளவு, சச்சரவு வந்தால் எப்படித் தீர்ப்பீர்கள். இந்த ஆவணத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மறைக்க முடியாது, மறைக்க நினைப்பவர் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

முதல் நிபந்தனையாக உரிமத்தை எழுதுங்கள். மீன்பிடிப் படகுக்கும் கடல் பண்ணைக்கும் உரிமம் கட்டாயம். 1966ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் இதுநாள்வரை இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. 2025இல் நிறைவேறிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2028க்குள் படிப்படியாக நடப்புக்கு வருவதால், தாக்கல் செய்யும் நேரத்தில் எந்தப் பிரிவு நடப்பில் இருக்கிறது என்று உணவு அமைப்பிடம் கேட்டுக்கொள்வது நல்லது. உரிமம் இல்லாதவர் உள்ளே வந்தால் மொத்தப் பேருக்கும் கெட்ட பெயர்.

விண்ணப்பத்தில் பொருள் வகையையும் குறிப்பிட வேண்டும். உயிருள்ள மீன் 31ஆம் வகை. வெட்டியது, உறையவைத்தது, கருவாடு எல்லாம் 29ஆம் வகை. கெலோங்கில் உயிரோடு விற்பவர் 29ஐ மட்டும் போட்டுவிட்டு வந்தால் பாதுகாப்பு அரைகுறைதான். 'உபின்' போன்ற இடப்பெயரைக் குறியில் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்காக, அங்கேயே தொழில் செய்யும் இன்னொருவர் ஊர்ப் பெயரை நேர்மையாகச் சொல்வதைத் தடுக்க முடியாது. விண்ணப்பம் வெளியிடப்பட்ட பிறகு 2 மாதம் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பதிவானால் 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

சிக்கல் இங்கேதான். பிடித்த மீனுக்கு முத்திரை தரவேண்டுமென்றால் ஐநா வழிகாட்டி மூன்று விஷயம் கேட்கிறது: மீன்பிடிப்பை நிர்வகிக்க ஒழுங்கான ஏற்பாடு, பிடிக்கும் மீனினத்தின் இருப்பு நல்ல நிலையில் இருப்பது, கடலின் மற்ற உயிர்களுக்குப் பெரிய கெடுதல் இல்லாதது. இரண்டாவதுதான் நமக்குத் தொண்டையில் முள். ஜொகூர் நீரிணையின் ஒரு கரை நமக்கு, மறு கரை மலேசியாவுக்கு. தெற்கே கொஞ்ச தூரத்தில் இந்தோனீசியத் தீவுகள். மீனுக்குக் கடப்பிதழ் கிடையாது. ஒருசில உள்ளூர்ப் படகுகள் எவ்வளவு ஒழுங்காகப் பிடித்தாலும், அந்த இனம் மொத்தமாக எப்படி இருக்கிறது என்று அவர்களால் மட்டும் நிரூபிக்க முடியாது.

இதற்கு அதே வழிகாட்டியில் ஒரு விடை இருக்கிறது. பெரிய அறிவியல் கணக்கெடுப்பு இல்லை என்பதற்காகச் சிறிய மீன்பிடிப்பை ஒதுக்கக் கூடாது, மீனவர்களின் வழிவழி அறிவையும் சேர்க்கலாம், ஆனால் அது உண்மையா என்று சரிபார்க்க முடியவேண்டும் என்கிறது. 1970களில் செமக்காவ் போன்ற தீவுகளிலிருந்து பெரிய தீவுக்குக் குடிபெயர்ந்த, கடலை நம்பி வாழ்ந்த பூர்வகுடிகளான ஓராங் லாவுட் குடும்பங்களிடம் அப்படிப்பட்ட அறிவு நிறைய. எந்த நீரோட்டத்தில் எது வரும், எந்த மாதம் கூடாது என்பதையெல்லாம் தேதி போட்டு எழுதிவைத்தால் அது சான்றாகும்.

அதுவரை 'நீடித்த மீன்', அதாவது மீன்வளம் குன்றாமல் பிடித்தது, என்ற பெரிய சொல்லை முத்திரையில் போட வேண்டாம் என்பேன். தூண்டிலிலும் கூண்டிலும் பிடித்தது, சிறு மீனையும் சினை நண்டையும் திரும்பக் கடலில் விட்டது, சிஸ்டர்ஸ் தீவுக் கடல் பூங்கா எல்லைக்குள் பிடிக்காதது. இப்படிச் சோதித்துப் பார்க்கக்கூடியதை மட்டும் சொன்னால் போதும்.

வளர்த்த மீனுக்குக் கேள்விகள் வேறு. 2011இல் வந்த ஐநா வழிகாட்டி நான்கு பக்கம் பார்க்கச் சொல்கிறது: மீனின் உடல்நலம், உணவுப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல், தொழிலாளர்களின் நிலை. இங்கே முதலில் கேட்க வேண்டியது தீவனம். கடலில் பிடித்த மலிவான பொடிமீனை அரைத்துப் போட்டு களவா வளர்த்தால், ஒரு மீனுக்காகப் பல மீன் போகிறது. அடுத்தது கூண்டுகளின் நெருக்கம். 2015 தொடக்கத்தில் கிழக்கு ஜொகூர் நீரிணையில் மிதவைப் பாசி பெருகி, 500 டன்னுக்கும் மேல் வளர்ப்பு மீன் செத்து மிதந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பண்ணைக்காரர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு நீர்ப்பரப்பு எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு விதிமுறையில் இருந்தே ஆகவேண்டும்.

என்னைக் கேட்டால் முதல் முத்திரை பச்சை மட்டிக்குப் போகலாம். அதற்குத் தீவனமே வேண்டாம், கடல்நீரை வடிகட்டித் தானே சாப்பிட்டுக்கொள்கிறது. எழுதவேண்டிய நிபந்தனை குறைவு, சோதிப்பதும் எளிது. கேரளத்தில் அஷ்டமுடிக் காயலின் மட்டித் தொழில்தான் 2014இல் இந்தியாவிலேயே முதலில் எம்எஸ்சி சான்று பெற்றது. சிறிய தொழிலாளர்கள் செய்யும் தொழில் அது.

கைமாறும் இடங்கள்

முத்திரை வாங்கிய மீன் எந்தெந்தக் கை மாறி வருகிறது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். செனோக்கோ மீன்பிடித் துறைமுகம் 2024இல் மூடப்பட்டு, வேலை எல்லாம் ஜூரோங்கிற்குப் போய்விட்டது. இரவில் அங்கே வந்து இறங்கும் இறக்குமதி மீன் மலையோடு உள்ளூர் மீன் கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. ஈரச்சந்தையில் உறையில்லாமல் விற்கும் மீனுக்குச் சீட்டு கட்டாயமும் இல்லை. ஆகவே ஒவ்வொரு மீனின் செவுளிலும் எண் போட்ட பட்டை மாட்டுவது, இல்லையென்றால் கெலோங்கிலிருந்து நேராக வீட்டுக்கும் உணவகத்துக்கும் கொடுப்பது. இந்த இரண்டில் ஒன்றாவது செய்யாவிட்டால் முத்திரைக்கு வேலையில்லை. ஐநா வழிகாட்டியின்படி இந்தக் கைமாறும் சங்கிலிக்கான சான்று 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, மீன்பிடிப்புக்கான சான்று 5 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. பிறகு மறுபடி ஆய்வு.

பொய் முத்திரை கண்டால்

இல்லாத சான்றை இருப்பதாகச் சொல்லி விற்பது பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிகம்) சட்டத்தின்கீழ் நியாயமற்ற செயல். சட்டம் 2003இல் வந்தது. 2018 முதல் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் அதைக் கவனிக்கிறது. வாங்கியவர் முதலில் பயனீட்டாளர் சங்கத்திடம், அதாவது கேஸிடம், புகார் கொடுக்கலாம். பணம் திரும்ப வேண்டுமென்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை, சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள். ஒரு கிலோ கொடுவாவுக்காக யாரும் அங்கே போகப்போவதில்லை. உணவகம் நடத்துபவர், கல்யாணச் சமையலுக்கு மொத்தமாக எடுப்பவர் போகலாம். ரசீதில் முத்திரையின் பெயரையும் மீனின் பட்டை எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே வழக்கை நிரூபிப்பது கஷ்டம்.