பசுமைப் பட்டாசு: விதி என்ன சொல்கிறது, பெட்டியில் எதைப் பார்ப்பது?

பசுமைப் பட்டாசு என்றால் புகையே வராது என்று பலர் நினைக்கிறார்கள். வரும். பழைய பட்டாசைவிட நுண்துகள் மாசு குறைந்தது 30 சதவீதம் குறைய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதற்காக வெடிமருந்தின் கலவையையே மாற்றியிருக்கிறார்கள்.

டெல்லிக் காற்றைக் காட்டி, மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் 2015இல் தொடரப்பட்ட வழக்கில்தான் இது தொடங்கியது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசை அடியோடு தடை செய்ய மறுத்து, மாசு குறைந்த பட்டாசை மட்டும் அனுமதித்தது. அதற்கான கலவைகளை உருவாக்கியது நாக்பூரில் உள்ள நீரி என்கிற மத்திய அரசு ஆய்வகம். அதில் 'ஸ்வாஸ்' வகை வெடிக்கும்போது நீராவியை விட்டுத் தூசியை அமுக்கும். 'ஸ்டார்' வகையில் கந்தகமும் வெடியுப்பும் கிடையாது. 'சஃபல்' வகையில் அலுமினியம் குறைவு.

பெரிய சிக்கல் பேரியம் என்கிற உலோகத்தில்தான். கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்குசக்கரம் எல்லாம் எரிய ஆக்சிஜன் கொடுப்பது பேரியம் நைட்ரேட். பச்சை வெளிச்சம் தருவதும் பேரியம்தான். ஆனால் நீரில் கரையும் பேரிய உப்பு உடலுக்குள் போனால் தசையையும் இதயத்துடிப்பையும் பாதிக்கும். அதனால் 2018 உத்தரவிலேயே அதற்குத் தடை. 2021இல் நீதிமன்றம் அதை மறுபடி அழுத்திச் சொன்னது. மேம்படுத்திய கலவையில் பேரியம் சேர்த்துக்கொள்கிறோம் என்று கேட்டுப் போன உற்பத்தியாளர்களின் மனுவும் 2023 செப்டம்பரில் தள்ளுபடியானது. சிவகாசிக்கு இது பெரிய அடி. வெடிச் சத்தத்துக்கு வேறு கலவை உண்டு. மலிவாக வெளிச்சம் தர பேரியத்துக்கு ஈடான பொருள் கிடைப்பது கடினம்.

சரி, கடையில் என்ன பார்ப்பது? பெட்டியில் நீரியின் பச்சை முத்திரையும் கியூஆர் குறியீடும் இருக்க வேண்டும். முத்திரையை யாரும் அச்சடித்துவிடலாம் என்பதால், அதை மட்டும் நம்பாமல் குறியீட்டை நீரியின் செயலியில் ஸ்கேன் செய்துவிடுங்கள். தயாரிப்பாளர் பெயர் வராவிட்டால் வாங்காதீர்கள்.

சரவெடிக்கு 2018இலிருந்தே தடை, அதில் பச்சை முத்திரை ஒட்டியிருந்தாலும் சரி. இன்றும் அது வெளிப்படையாக விற்கிறது என்பது வேறு கதை! ஒற்றை வெடியின் சத்தம், வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. இது 1999 முதல் உள்ள விதி. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம், வழிபாட்டுத் தலம் ஆகியவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் வெடிக்கக் கூடாது. தீபாவளியன்று இரண்டு மணி நேரம்தான் அனுமதி. எந்த இரண்டு மணி நேரம் என்பதைத் தமிழ்நாடு தானே முடிவு செய்யலாம் என்று நீதிமன்றம் விட்டதால், இங்கே காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று வைத்திருக்கிறார்கள்.

ஆன்லைனில் பட்டாசு விற்கவும் அதே 2018 உத்தரவில் தடை இருக்கிறது. உரிமம் உள்ள கடையில்தான் வாங்க வேண்டும். தடை செய்த பட்டாசு விற்றால் அந்தப் பகுதிக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியே நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே புகாரை அங்கேயே கொடுக்கலாம்.